கட்டிலுக்குப் போட்ட ஜீன்ஸ்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என் மகன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். எனக்கு அது தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது.

காலையில் சொம்பில் வைத்த தண்ணீர் சாயங்காலம் அப்படியே இருந்தது. மேலே ஒரு கொசு மிதந்தது.

"வெயில் இந்தப் போடு போடுது. புள்ள தண்ணியத் தொடல பாரு," என்றாள்.

"தாகம் எடுக்கலையோ இன்னாவோ," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

நான் வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன். மயிலாப்பூர், மந்தைவெளி, கொஞ்சம் அடையாறு. லிஃப்ட் இல்லாத மாடி என்றால் தோளில் வைத்து ஏறுவேன். எந்தக் கஷ்டமானாலும் தூக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிற ஆள். மகனுக்கு, ஓட்டல் சாப்பாட்டுப் பொட்டலத்தை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பைக் வேலை. அடையாறில் ஓரமாக நின்ற ஒரு காரின் கதவு சட்டென்று திறந்தது. இவன் அதில் மோதி விழுந்தான். வலது தொடை எலும்பு போய்விட்டது. இடுப்பிலும் விரிசல். உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கால் ஊன்றக் கூடாது, வலப்பக்கம் திரும்பக் கூடாது, நாங்கள் சொல்கிற வரைக்கும் படுக்கைதான், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இவ்வளவும் சொன்னார்கள்.

எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு. இரண்டாவது மாடி. ஓர் அறை, அதை ஒட்டி அடுப்படி. கட்டிலே கிடையாது, எல்லோரும் பாயில் படுக்கிறவர்கள். நான் சிலிண்டர் போடும் வீட்டு டீச்சரம்மா தன்னுடைய பழைய இரும்புக் கட்டிலைக் கொடுத்தார்கள். அதைத் தூக்கி வந்து, அடிபட்ட கால் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி போட்டேன். போகிற வருகிற யாரும் காலில் இடித்துவிடக் கூடாது. அதனால் அவனுக்கு இடது பக்கம்தான் அறை. வலது பக்கம் சுவர்.

ஒண்ணுக்குப் போக ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்திருந்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் இருக்கும். அவன் கேட்டால் நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். அவள் வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள். பையனுக்கு இருபத்து நாலு வயசு. அம்மாவிடம் எப்படிக் கேட்பான். நான் வரும்வரை அடக்கிக்கொண்டிருப்பான். அடக்க முடியாது என்று தெரிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டான்.

போதாததற்குப் பார்க்க வருகிறவர்கள். அவனுடைய கூட்டாளிகள், மாடி வீட்டுக்காரர்கள், உறவு. யார் வந்தாலும் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். கண் முதலில் கட்டிலுக்கு அடியில் போகும். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். கழுத்தை மட்டும்தான் அந்தப் பக்கம் திருப்ப முடியும்.

பாட்டிலைக் கழுவுகிறவள் அவள். நிறத்தைப் பார்த்திருக்கிறாள்.

"டீத்தூள் தண்ணியாட்டம் கீதுயா. காய்ச்சல் வந்து மறுபடி அங்க தூக்கினு போகணுமா?" என்றாள்.

"மத்தியானம் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன். நான் தூக்கி வுடறேன்."

"அவனுக்குத் தூக்கறதுக்கு ஆள் வோணாம்யா. கைக்கு எட்டணும்."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் நான் திரும்பியபோது, பரணில் இருந்த கோணி கீழே இறங்கியிருந்தது. அதில் முழுக்க அவனுடைய பழைய ஜீன்ஸ். பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கி வாங்கிப் போட்டுக் கிழித்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளியது. பைக் ஓட்டுகிறவன் ஜீன்ஸ் தொடையில்தான் தேயும். சீட்டில் உரசி உரசி நூல் நூலாகிவிடும். முழங்காலுக்குக் கீழே புதுசு மாதிரி இருக்கும். பின்பக்கப் பைகளும் அப்படியே இருக்கும். அவள் தேய்ந்த பாகத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள்.

"இன்னாமே இது?"

"பை."

அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை, என்னிடம்.

முதலில் செய்தது ஒரு பெரிய சுவர்த் தொங்கல். ஒரு ஆள் நீளம். பின்பக்கப் பைகளை அவற்றைச் சுற்றியுள்ள துணியோடு வெட்டி, ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தாள். கருநீலம், வெளிர்நீலம், ஒரு கறுப்பு. மேலே இடுப்புப் பட்டி. அதில் பெல்ட் போடுகிற வளையங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒரு மூங்கில் கழியை நுழைத்திருந்தாள். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் அதை மாட்டினாள். போன் ஒரு பையில், சார்ஜர் ஒரு பையில், மாத்திரை, சீப்பு, பிஸ்கட், துண்டு. கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

"நல்லா கீதுமா," என்றான் மகன்.

சாயங்காலம் பிஸ்கட் வைத்தபடி இருந்தது. மறுநாளும் இருந்தது. போன் மட்டும் அவன் நெஞ்சின் மேலேயே கிடந்தது.

அந்த ஆணி வலதுபுறச் சுவரில். அவனுக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ஆணி உயரத்தில் இருந்ததால் வலது கையைத் தூக்கினாலும், இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டினாலும் எட்டாது. ஆணி எங்கே இருந்ததோ அங்கே மாட்டிவிட்டோம். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் இடம் அப்படித்தான் முடிவாகும். போர்டு வீட்டுச் சுவரில் இன்னொரு ஆணி இறங்காது, சுத்தியல்தான் தெறிக்கும்.

அவன் எட்டவில்லை என்று சொல்லவில்லை. அம்மா மூன்று நாள் உட்கார்ந்து தைத்தது என்று வாயை மூடிக்கொண்டான்.

இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. தானாகக் கண்டுகொண்டாள். அவளுக்கு முகம் வாடவில்லை. பாயை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து மல்லாந்து படுத்தாள்.

"யோவ், என் வலது காலப் புடி. அசைய வுடாத."

"இன்னாத்துக்கு?"

"புடின்னா புடியேன்."

பிடித்தேன். அவள் காலையும் இடுப்பையும் அசைக்காமல் இடது கையை மட்டும் நீட்டினாள். மேலே, பக்கவாட்டில், கீழே. கை எதுவரை போகிறதோ அந்த இடத்தில் துணியில் குறி போடுகிற சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். படுத்தபடியே ஒரு டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். எந்த இடத்திலிருந்து தூக்கினால் தண்ணீர் சிந்தவில்லை என்று பார்த்தாள். மகன் கட்டில் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மா, இன்னா பண்றே?"

"ஒனக்கு ஒடம்பு செரியாவலன்னு நானும் படுத்துக்கினேன். போடா."

எழுந்தபோது தரையில் ஒரு பாதி வட்டம் இருந்தது. அவன் கை போகக்கூடிய உலகம் அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சுவர்த் தொங்கலைப் பிரித்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. அவள் ஒவ்வொரு தையலாக பிளேடால் அறுத்துக்கொண்டே போனாள்.

இந்தத் தடவை கட்டிலின் இடப்பக்கம். ஆணி வேண்டாம். ஒரு நீளத் துணி மெத்தைக்கு அடியில் போகும், அவன் உடம்பு பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். மறுபாதி கட்டில் விளிம்பில் மடிந்து வெளியே தொங்கும். அதில் பைகள். அந்த நீளத் துணிக்கு அவளிடம் ஒரு ஜீன்ஸ் இருந்தது. விபத்து அன்று அவன் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கத்திரியால் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை நேராக வெட்டிக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் எடுத்து வைத்திருக்கிறாள். உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கியிருக்கிறாள். வெந்நீர் ஊற்றினால் ரத்தக் கறை போகாதாம்.

"இதப் போயி…" என்றேன்.

"நல்ல துணிதானே. அவங்களே பிரிச்சிக் குட்த்துட்டாங்க. எனக்கு வேல மிச்சம்."

தைக்கும்போது தொல்லை வந்தது. ஃபால்ஸ் தைக்கிற மிசின் அது. மடிப்பு மேல் மடிப்பு வருகிற இடத்தில் ஊசி பட்டென்று முறிந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் போயிற்று. தெருமுனையில் மிசின் போட்டு பேண்ட் ஆல்ட்டர் செய்கிற பாயிடம் போனோம். நானும் கூடப் போனேன்.

"இன்னாம்மா, அந்த மிசின்ல ஜீன்ஸ் தெக்கிறியா? பூனையக் கட்டி லாரிய இஸ்க்கற," என்றார் பாய்.

"பூன இஸ்க்கும் பாய். நீ ஊசியக் குடு."

பாய் சிரித்துக்கொண்டே தடித்த ஊசிகள் இருந்த ஒரு காகித மடிப்பைக் கொடுத்தார். "மடிப்பு வர்ற எடத்த மொதல்ல நல்லா தட்டிக்கோ. துணி படுத்துடும். அங்க மட்டும் கால வெக்காத, சக்கரத்தக் கையால சுத்து. புள்ள எப்டி கீறான்?"

"படுத்துனு கீறான்."

"எழுந்துருவான். துவா பண்றேன்."

தட்டுகிற வேலை எனக்கு வந்தது. அம்மிக் குழவியை எடுத்து, பலகை மேல் வைத்து, மடிப்புகளை இடித்தேன். கீழ் வீட்டுக்காரி படியேறி வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, காலீலேர்ந்து இடி இடின்னு இடிக்கிறீங்க. கல்யாணத்துக்கு மாவா?"

"ஆமாண்டி. ஒன் வூட்டுக்காரருக்கு ரெண்டாங் கல்யாணம். பத்திரிக வர்ல?"

"அந்தாள யாருக்கா கட்டுவா, அவ தலையெழுத்து," என்று அவள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நூல் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜீன்ஸ் காலை அவள் திருப்பிப் போட்ட விதத்தை நான் இன்னமும் நினைத்துப் பார்ப்பேன். முழங்காலில் வெட்டிய பக்கத்தை அடியாக வைத்துத் தைத்தாள். பாதத்துப் பக்கம் மேலே வந்து பையின் வாய் ஆனது. அங்கே ஏற்கெனவே கம்பெனி மடித்துத் தைத்த தடித்த விளிம்பு இருக்கிறது. அதனால் வாய் தொய்யாமல் விரிந்தே நின்றது. அடி மூலைகளைக் குறுக்கே ஒரு தையல் போட்டுவிட்டாள், பை உள்ளே சதுரமாகிவிட்டது. பாட்டில் சாயாமல் நிற்கும். இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்படி இரண்டு கால் பைகள். மேல் பக்கம் தண்ணீர் பாட்டிலுக்கு. கீழ்ப் பக்கம் இன்னொரு பாட்டிலுக்கு. கீழ்ப் பைக்கு மூடி வேண்டும். முதலில் ஜிப் வைத்துத் தைத்தாள். பிறகு பாயில் படுத்து இடது கையால் மட்டும் திறந்து பார்த்தாள். ஜிப்பை இழுக்க இன்னொரு கை துணியைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிரித்துவிட்டாள். இடுப்புப் பட்டியை மூடியாக்கி, அதில் இருந்த பித்தளைப் பொத்தானை வைத்தாள். கட்டை விரலால் நெம்பினால் திறந்துகொள்ளும்.

ஈரம் படாமல் இருக்க உள்ளே ஒன்று வேண்டும். நான் மொட்டைமாடித் தண்ணீர் டிரம்மை மூட ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்து வைத்திருந்தேன். எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவரின் பிறந்தநாள் பேனர், காற்றில் கிழிந்து விழுந்தது. அதில் வெட்டி உள்ளுக்குக் கொடுத்தாள்.

தைத்து முடித்த அன்று காலை, மகனை நான் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். அவள் துணியை மெத்தைக்கு அடியில் செலுத்தி இழுத்தாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பெல்ட் வளையங்களைக் கயிறு போட்டுக் கட்டினாள். மேல் வரிசையில் போன், சார்ஜர், மாத்திரை. நடுவில் துண்டும் பிஸ்கட்டும். ஒரு ஓரத்தில் தண்ணீர். கீழே மற்றது. கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த தரை.

அவன் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பாராமலே தொட்டான். எல்லாம் கைக்கு வந்தது. கடைசியாகக் கீழ்ப் பையின் பொத்தானைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"மா. உள்ள மீச தெரீது."

"யாரு மீச?"

"அந்தப் பேனர் தலைவரு."

"பாத்துக்குவாரு வுடு. பொதுச்சேவைதானே."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலியோடு சிரித்தான். விழுந்த நாளுக்கு அப்புறம் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கட்டில் விளிம்பில் மடிந்திருந்த துணியைத் தடவினான். அதில் ஒரு வெள்ளை பெயின்ட் சொட்டு உண்டு. கீழே வாசல் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது பட்டது. கை அங்கே நின்றது.

"இது… அன்னிக்குப் போட்டதா?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். ஏன்தான் இதை எடுத்தாளோ என்று இருந்தது.

"ஆமா," என்றாள். "வெட்னது அவங்க. தெச்சது நானு. நல்லாத்தானே கீது?"

அவன் தலையை ஆட்டினான். கையை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "தேங்கா வாங்கணும், வா," என்றாள். வீட்டில் தேங்காய் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தண்ணித்துறை மார்க்கெட் வரை நடந்தோம். ஒன்றும் வாங்கவில்லை. அவள் ஒரு கீரைக்காரியிடம் விலை கேட்டாள், நகர்ந்தாள், இன்னொருத்தியிடம் கேட்டாள். நேரத்தைப் போக்குகிறாள் என்று புரிந்தது. திரும்பும்போது படியில் கொஞ்சம் சத்தமாக இருமினாள்.

உள்ளே போனோம். மகன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டில் காலி. இன்னொரு பாட்டில் காலியாக இல்லை. பொத்தான் போட்டபடி இருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். வெகுநேரம் குழாய் ஓடியது. ஒரு பாட்டில் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அதற்கப்புறம் பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்கள். இதை யார் தைத்தது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். மகன் முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பதில் சொன்னான். கொஞ்ச நாள் போனதும் குறை சொல்லவும் ஆரம்பித்தான்.

"மா, சார்ஜர் பை ஆழமா கீது. ஒயரு உள்ள பூந்துக்குது."

"வாய் வந்துருச்சி தொரைக்கு," என்றாள் அவள். முகம் மலர்ந்து போயிற்று. அன்றே பிரித்து அடியை ஏற்றித் தைத்தாள்.

மிச்சத் துணியிலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. அடுப்படியில் வெங்காயத்துக்கு ஒரு ஜீன்ஸ் கால், பூண்டுக்கு ஒரு கால் தொங்கியது. கதவுக்குப் பின்னால் குடை, சீப்பு, சாவிக்கு ஒரு வரிசை. கீழ் வீட்டுக்காரி தன் பையன் ஜீன்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது கிழியவே இல்லை என்று அந்தப் பையன் பின்னாலேயே ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு போனான். கட்டில் கொடுத்த டீச்சரம்மாவுக்கு, மூக்குக் கண்ணாடியும் ஜெபமாலையும் வைத்துக்கொள்ள நாற்காலிக் கையில் மாட்டுகிற மாதிரி ஒன்று. அதைப் பார்த்த பிறகு அந்தத் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளில் கேட்டார்கள். எல்லாருக்கும் தைத்தாள். ஆனால் யாருக்கும் எடுத்தவுடனே தைக்க மாட்டாள். எங்கே உட்காருவீர்கள், எந்தக் கையால் எடுப்பீர்கள் என்று கேட்பாள். வீட்டுக்கே போய் அந்த நாற்காலியில் ஒரு தரம் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள்.

நான் இத்தனை வருஷம் இந்த ஊரில் படி ஏறியிருக்கிறேன். பெரிய பெரிய வீடுகளின் அடுப்படி வரை போயிருக்கிறேன். மரத்தில் அலமாரி, கண்ணாடிக் கதவு எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படிப் படுத்துப் பார்த்துச் செய்த அலமாரியை எங்கும் பார்த்ததில்லை.

மகன் எழுந்தான். முதலில் வாக்கர், பிறகு குச்சி, பிறகு வெறும் கால். லேசாக விந்தி நடப்பான். பைக் வேண்டாம் என்று விட்டுவிட்டு, தரமணியில் ஓர் ஆபீஸில் உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். போகும் முன் போட்டுக்கொள்ள ஒரு பேண்ட் வேண்டும். இருந்ததெல்லாம் கதவிலும் கட்டிலிலும் தொங்குகிறது. மூன்று பேரும் தி.நகர் போனோம்.

பஸ்ஸில் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடித்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்காத மாதிரி.

கடையில் ஜீன்ஸை எடுத்து எடுத்துப் போட்டார்கள். அவன் நிறம் பார்த்தான். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, பையில் கையை விட்டு ஆழம் பார்த்தாள். காலின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். பொத்தானை ஒரு கையால் திறந்து மூடிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஜீன்ஸு வாங்கறியா, மாடு வாங்கறியா?" என்றான் கடைக்காரப் பையன்.

"மா, நான் போட்டுக்கத்தான் வாங்கறேன். நீ வெட்றதுக்கு இல்ல," என்றான் மகன்.

"போட்டுக்கடா. யார் வோணான்னது. அப்பாலதானே வெட்டப் போறேன்."

அவன் சிரித்தான். பிறகு கடைக்காரனைப் பார்த்து, அத்தனை கூட்டத்தில், நன்றாகச் சத்தமாகவே கேட்டான்.

"பிரதர், இங்க பாத்ரூம் எங்க கீது?"

மாடியில் என்று கடைக்காரன் கை காட்டினான். மகன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினான். நான் கூடப் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னொரு கை அந்த ஜீன்ஸ் பைக்குள்ளேயே இருந்தது.